நடீனை எட்டிப் பிடிக்க ஒரு சூப்பர்சார்ஜர்

வெர்லன் ஹோஸ்கின்ஸ் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. நாற்பது மைல் வேகத்தைத் தாண்டியதும் இல்லை. அப்படிப்பட்ட மனுஷர் ஓய்வு பெற்ற கையோடு, தண்ணீரில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஓடுகிற ஜெட் ஸ்கி ஒன்றை வாங்கி எங்கள் ஹவாசு ஏரியில் இறக்கினால் எப்படி இருக்கும்? அவர் நம்மைக் கடந்து போவதற்குள் குடும்ப நலமெல்லாம் விசாரித்து முடித்துவிடலாம்.

நான் ஒலெட்டா. படகுத்துறையில் பத்தொன்பது வருஷமாகப் பெட்ரோல் போடுகிறேன். இந்த ஏரியில் யாருக்குப் புத்தி இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது டேங்க் மூடியைத் திறக்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். வெர்லனுக்குப் புத்தி உண்டு. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அவர் மனைவி நடீன் என் சிநேகிதி. வாரத்தில் ஆறு நாள் நாய்களுக்கு முடி வெட்டுகிற தொழில். கடி வாங்குவாள், நகக்கீறல் வாங்குவாள், வீட்டுக்குப் போனால் காபியிலும் நாய் முடி மிதக்கும். ஏழாம் நாள் ஜெட் ஸ்கியில் ஏறி உட்கார்ந்தாள் என்றால் அம்மாடி, அவள் வேறு ஆள்! அவளுடையது கம்பெனியிலேயே சூப்பர்சார்ஜர் வைத்து வந்த வண்டி. சூப்பர்சார்ஜர் என்றால் வேறொன்றுமில்லை, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அமுக்கித் திணிக்கிற ஒரு விசிறி. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் வேகம் கூடும். வெர்லனுடைய வண்டியில் அது கிடையாது. பஸ்காரருக்கு எதற்கு என்று விற்றவனே சொல்லிவிட்டான்.

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு எட்டுப் பேர் சேர்ந்து கிளம்புவார்கள். ஏரியைத் தாண்டி, ஆற்றுக்குள் நுழைந்து, செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி, அங்கே மேல்துறையில் காலைச் சாப்பாடு. முட்டையும் பன்றிக்கறியும் ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டிய பர்ரிட்டோ. வெர்லன் போய்ச் சேரும்போது மற்றவர்கள் கைகழுவியிருப்பார்கள். அவர் ஆறிப்போனதைத் தனியாக உட்கார்ந்து மெல்லுவார். அவர் பாதி மெல்லும்போதே நடீன் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு திரும்பக் கிளம்பியிருப்பாள்.

ஒரு நாள் பெட்ரோல் போடும்போது என்னிடம் சொன்னார்.

"ஒலெட்டா, அஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமையானா அவ முதுகைத்தான் பாக்குறேன். அதுவும் முதல் ரெண்டு நிமிஷந்தான். அப்புறம் அதுவும் இல்ல."

"அதுக்கு என்ன பண்ணப் போற?"

"ஒரே ஒரு தடவை அவ பக்கத்துலயே போகணும். அவகூட உக்காந்து சூடா சாப்பிடணும். அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சிரிப்பைத்தான் வெளியே காட்டினேன்.

பந்தயத்தை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து பழைய சூப்பர்சார்ஜர் ஒன்றை வாங்கிவந்தார். ஏரித் தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கிற ஜனவரியில் வீட்டுக் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தார். விசிறியை மாட்டினால் மட்டும் போதாதாம். அமுக்கின காற்று சூடாகும், அதைக் குளிரவைக்க ஒரு பெட்டி வேண்டும். பெட்ரோல் பீய்ச்சுகிற குழாய்முனைகள் பெரிசாக வேண்டும். எஞ்சினின் கம்ப்யூட்டருக்குப் புதுக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மனுஷர் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி முட்டை அட்டையில் வரிசையாக வைத்து, எது எந்த ஓட்டை என்று எழுதிவைத்தார். இரண்டு நாளில் முடிகிற வேலையை மூன்று மாதம் செய்தார்.

நடீன் அதே கொட்டகையின் மறுபாதியில்தான் நாய்களுக்கு முடி வெட்டுகிறாள். சும்மா இருப்பாளா?

"என்ன வெர்லன், இது எதுக்கு?"

"எஞ்சின் ஆரோக்கியத்துக்கு."

"எஞ்சினுக்கு ஆரோக்கியமா? உன் முட்டிவலிக்கு மொதல்ல டாக்டர்கிட்ட போ."

காரணத்தை மட்டும் சொல்லவில்லை. என்னையும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் இதுதான், அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் முதன்முறையாக எஞ்சினைக் கிளப்பினார். வண்டி டிரெய்லரில் நிற்கும்போது எஞ்சின் சூடேறாமலிருக்கத் தோட்டத்துக் குழாயை மாட்டித்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் முதலில், தண்ணீர் பிறகு. நிறுத்தும்போது தண்ணீர் முதலில், எஞ்சின் பிறகு. அதையும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் சூப்பர்சார்ஜர் போட்ட ஊளையில், முடிவெட்ட வந்திருந்த மூன்று நாய்களும் சேர்ந்து ஊளையிட ஆரம்பித்துவிட்டன. ஒரு பக்கம் மட்டும் மழித்திருந்த ஒன்று மேஜையிலிருந்து குதித்துத் தெருவில் ஓடிற்று. நடீன் கத்தரிக்கோலோடு பின்னால் ஓடினாள். வெர்லன் மட்டும் கண்ணில் நீர் தளும்ப எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அடுத்த ஞாயிறு என் பம்புக்கு வந்தார். புது அங்கி, சவரம் செய்த முகம்.

"ரொப்பிடட்டுமா?"

"வேண்டாம். பாதி போதும்."

"பாதியா? யோவ், புத்தி கெட்டுப்போச்சா? அது குடிக்கிற ஜாதிய்யா இப்போ!"

"பந்தயக்காரங்க எல்லாம் கொஞ்சமாத்தான் போடுவாங்க. எடை குறையும், ஒலெட்டா."

"எடையைக் குறைக்கணும்னா நேத்து ராத்திரி தின்ன ரெண்டாவது தட்டுலயே குறைச்சிருக்கலாம். மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எனக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருஷம் டேங்க் பார்த்து ஓட்டினவன் நான்."

பார்த்து ஓட்டியது பஸ். நான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பாதி டேங்க் போட்டு அனுப்பினேன். கையைப் பிடித்துக் கட்டாயமாக ரொப்பியிருக்க வேண்டும். அன்று முழுக்க அதை நினைத்து என்னையே நொந்துகொண்டேன்.

இதற்குமேல் நடந்ததை நடீன்தான் எனக்குச் சொன்னாள். கிளம்பி ஐந்தாவது நிமிஷம் அவள் காதுக்குப் பக்கத்தில் ஒரு ஊளை கேட்டதாம். திரும்பினால் வெர்லன்! பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. பக்கத்திலேயே போகத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் வாழ்நாளில் முதல்முறையாக எழுபது மைல் வேகம் கைக்கு வந்தால் விரல் சொன்னபடி கேட்குமா? அவளைத் தாண்டிப் போனவர் போனவர்தான். நடீன் வயிறு வலிக்கச் சிரித்தாளாம்.

மேல்துறைக்குப் போய்ப் பார்த்தால் வெர்லன் இல்லை.

முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். கார்ல்டன் என்று ஒருவர், தீயணைப்புப் படையில் இருந்தவர், "பஸ் ஸ்டாப்புல நிறுத்தியிருப்பாரு, புள்ளைங்க ஏறிட்டிருக்கும்" என்றாராம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பர்ரிட்டோ வந்து ஆறிற்று. பாறைகளுக்கு நடுவே போன் எடுக்காது. நடீன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். கார்ல்டனும் கூடவே கிளம்பினார்.

அவரை ஒரு கிளை வாய்க்காலில், ஆள் உயர நாணல் புதருக்குள் கண்டுபிடித்தார்கள். பெட்ரோல் தீர்ந்து, காற்று வண்டியை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். போகும்போது ஏழு பேரும் அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். கத்தியது ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"ஒரு அரை மணி நேரம் இருங்க, மேல்துறையில போய் கேன்ல பெட்ரோல் கொண்டாரேன்" என்றார் கார்ல்டன்.

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள் நடீன். "நானே கட்டி இழுத்துட்டுப் போறேன். ஊரே பாக்கட்டும்."

எங்கள் ஏரியில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நின்றுபோன வண்டியை ஐந்து மைல் வேகத்துக்குமேல் இழுத்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிடும். ஆகவே நடை வேகம்தான். போகிற வருகிற படகெல்லாம் ஹார்ன் அடிக்கும். வீட்டுக்கு மூன்று மணி நேரம்.

நடீன் அரை மணி நேரம் இழுத்திருப்பாள். பிறகு திரும்பாமலே கத்தினாள்.

"அஞ்சு வருஷமா ஒவ்வொரு வளைவுலயும் திரும்பிப் பாப்பேன், தெரியுமா உனக்கு? தூரத்துல ஒரு புள்ளியா வந்துக்கிட்டிருப்ப. சரி, வர்றான்னு மறுபடி முடுக்குவேன். இன்னைக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. செத்துட்டியோன்னு நெனச்சேன்டா பாவி!"

வெர்லன் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உன் பக்கத்துல போகணும்னுதான் மாட்டினேன்," என்றார். "உன்கூட உக்காந்து சாப்பிடணும்னு."

"இதுக்கா? மூணு மாசம் போல்ட்டைக் கழட்டி மாட்டினது இதுக்கா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை, 'நடீன், கொஞ்சம் மெதுவாப் போ'ன்னு சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனா?"

"போயிருப்ப."

"அப்புறம்?"

"ஆறு நாள் நாய்ங்ககிட்ட கடி வாங்குற. இந்த ஒரு நாள்தான் நீ சிரிச்சுப் பாக்குறேன். மெதுவாப் போன்னு உன்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல, நடீன்."

நடீன் எஞ்சினை அணைத்துவிட்டாள். கயிறு தொய்ந்தது. வெர்லனின் வண்டி வந்த வேகத்திலேயே மெல்ல மிதந்து வந்து அவள் வண்டியின் பக்கவாட்டில் இடித்து நின்றது. அவள் கை நீட்டி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு எங்கள் ஊர்ப்பக்கம்தான் ஓடுகிறது, இரண்டு வண்டியும் பக்கம் பக்கமாக அதன் போக்கிலேயே மிதந்து வந்தன. ரொம்ப நேரம் அவள் எஞ்சினைக் கிளப்பவே இல்லையாம்.