நட்சத்திரத்தைப் பார்க்காத அம்மா

நேற்று மாலை தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்து நீல வெளிச்சம் அடித்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். நான் மட்டும் சட்டென்று திரும்பி, முதுகுப் பக்கம் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தேன்.

மலைமேல் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டர். நான் ஐந்தாவது படித்த வருஷம், வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசியால் விடியற்காலையில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பா, அம்மா, நான் மூவரும் காப்பிப் பழம் காயவைக்கும் மண்களத்தில் நின்றோம். பழத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. நட்சத்திரம் விழுவதைப் பார்ப்பது ஆகாது, பார்த்துவிட்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

"மரத்தைப் பாக்கறதுக்கா இந்தக் குளிர்ல வந்து நிக்கறோம்?" என்று அப்பா சிரித்தார்.

வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. திடீரென்று ஒரு நெருப்புருண்டை மலையையே பகலாக்கிக்கொண்டு போனது. நானும் அப்பாவும் வாயைப் பிளந்து அண்ணாந்திருந்தோம். அம்மா எங்களுக்குப் பின்னால் இருந்த பலாமரத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, திரும்பாதீங்க. கண்ணு, அசையாத சாமி." அம்மா கிசுகிசுத்தாள்.

மறுபடி இருட்டு மூடியது. அப்போதுதான் ஒரு பெரிய மூச்சு என் பிடரியில் சுட்டது. பிறகு அது எங்களைக் கடந்து, காப்பிச் செடிகளை முறித்தபடி சரிவில் இறங்கிப் போனது.

விடிந்ததும் பார்த்தோம். தரையில் புரண்ட என் கம்பளி முனையில் காட்டெருமையின் குளம்படி பதிந்திருந்தது.

நேற்றும் வெளிச்சம் அணைந்து தெரு இருண்டது. வேப்பமரத்தடியில் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் அசையவில்லை.