மீன் கொழுத்தது, செடி வாடியது

பல் டாக்டரைப் பார்க்காமலே திரும்பி நடந்துகொண்டிருக்கிறேன். வலி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டாக்டருக்காகக் காத்திருக்கும் கூடத்தில் ஒரு மீன்தொட்டி. அதற்குள் பச்சைப்பசேலென்று பிளாஸ்டிக் செடிகள். ஒரு இலைகூட மஞ்சளாகவில்லை, எதையும் வெட்ட வேண்டியதில்லை. அதன் எதிரில் அரை மணி நேரம் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. நடந்தால் எல்லாம் ஞாபகம் வரும். நேரமிருந்தால் கூட வாருங்கள்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டுக் கால் போன ஊரெல்லாம் போனவன் நான். மெட்ராஸ் மூர் மார்க்கெட் மீன் கடையொன்றில் ஆறு மாதம் தண்ணீர் சுமந்திருந்தேன். லாட்ஜ் முதலாளி தணிகாசலம் அதே மார்க்கெட்டிலிருந்து பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி வந்து முன்கூடத்தில் வைத்திருந்தார். "மீன் கடையில இருந்தேங்க" என்றேன். தண்ணீர் சுமந்ததைச் சொல்லவில்லை. மாடிப்படிக்கு அடியில் படுக்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் கிடைத்தன. அதற்குமுன் ஒரே கூரைக்குக் கீழ் நான் அத்தனை நாள் தங்கியதில்லை.

தொட்டித் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. செடி நன்றாக இருந்தால் மழைக்கு மறுநாள் ஏரிக்கரை மணப்பதுபோல் மணக்கும். அழுகினால், ஊறப்போட்டு மறந்த சாக்கு நாறும். ஐப்பசியில் அந்தச் சாக்கு வாடை வந்தது. ரிப்பன் போல நீண்ட இலைகளின் நுனி பழுத்தது, பிறகு கண்ணாடிபோல் வெளிறியது, பிறகு தொட்டாலே கையோடு வந்தது. வேலம்பாசி என்கிற கொடிப்பாசி இலை உதிர்ந்து காம்பு காம்பாக நின்றது. ஆனால் கறுப்பு மோலி மீன்கள் மட்டும் கொழுகொழுவென்று குட்டி போட்டுத் தள்ளின.

முதலாளி தினமும் வந்து நிற்பார். "மீனு கொழுக்குது, செடி சாவுது. இன்னாடா வைத்தியம் பண்ற நீ?"

சவர பிளேடை மூங்கில் குச்சியில் கட்டிக்கொண்டேன். மஞ்சள் இலையைப் பாதியில் வெட்டினால் மிச்சமும் அழுகும். அடியோடு அறுக்க வேண்டும். அறுத்தேன். வெயில் ஜாஸ்தி என்று ஜன்னலைச் சாக்கால் மறைத்தேன். வெளிச்சம் கம்மி என்று மறுவாரம் சாக்கை எடுத்தேன். மணலைக் கொட்டிக் கழுவினேன். ஒன்றும் ஆகவில்லை. முதலாளி தவணை வைத்தார்: "கோயில்ல கொடி ஏத்தறதுக்குள்ள பச்சை வரணும். தீபத்துக்கு ஜனம் ரொம்பும்போது இந்தக் கண்றாவி இருக்கக் கூடாது. வரலைனா நீ கிளம்பிடு."

அதுவரை சொம்பால் மொண்டுதான் தண்ணீர் மாற்றுவேன். அன்று சைக்கிள் கடையில் ஒரு ரப்பர் குழாய் கேட்டு வாங்கி, ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். வாய் நிறைய வந்தது. கரித்தது.

உப்பு. மோலிக்கு ஆகும், செடிக்கு ஆகாது. மூர் மார்க்கெட்டில் காதில் விழுந்த ஒரே பாடம் அது.

யார் போடுகிறார்கள் என்று மறுநாள் காலை தூணோரமாக நின்று பார்த்தேன். முதலாளியின் தங்கச்சி வசந்தாக்கா வந்தார். லாட்ஜின் படுக்கை விரிப்பெல்லாம் அவர் பொறுப்பு. வாயைத் திறந்தால் சலவைக்காரர் நடுங்குவார். முந்தானையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பும் நாலு மிளகும் எடுத்துத் தொட்டியில் போட்டுக் கும்பிட்டார். மேலுதட்டில் அவருக்கு ஒரு மரு. உப்பு கரைவதுபோல் மரு கரைய வேண்டும் என்று குளத்தில் போடுவார்களே, அந்த வேண்டுதல்.

"உப்பு பட்டுத்தான் செடி சாவுது. கோயில் குளத்துல போடக் கூடாதாக்கா?"

"ஊரே பாக்கும்டா. தீபத்துக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள நாப்பத்தெட்டு நாளு போட்டு முடிக்கணும். இன்னும் ஒன்பது நாளுதான் பாக்கி. அண்ணங்கிட்ட சொன்னியோ, தொலைச்சுடுவேன்."

"ஒரு வாளியில போடுங்களேன்."

"வாளி குளமாவுமா? இதுல மீனு இருக்குது."

பின்கட்டில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி கிடந்தது. தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிரப்பி, இரண்டு மோலிகளைக் கொண்டுபோய் விட்டேன். "அதே மீனு, அதே தண்ணியில ரெண்டு சொம்பு ஊத்தியிருக்கேன். கணக்கு உடையாது" என்றேன். யோசித்தார். "பேச்சுல பொழைச்சுக்குவடா நீ" என்றார்.

பிறகு ஒரு வாரம் நான் உட்காரவே இல்லை. தெருமுனைக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, தினமும் பாதித் தொட்டித் தண்ணீரை மாற்றினேன். வேருக்கு மேல் விரலளவு மட்டும் விட்டு மற்றதை அறுத்தெறிந்தேன். ஏழாம் நாள் ஒரு அடிக்கட்டையில் நகமளவு பச்சை இலை தெரிந்தது. எட்டாம் நாள் கொடி ஏறியது.

முதலாளி குனிந்து பார்த்தார். "இதுவா பச்சை? சரி, இன்னாத்துனால செத்துது, அதையாவது சொல்லு."

வசந்தாக்கா விரிப்புகளை மடித்தபடி கதவோரம் நின்றார். மடிப்பது நின்றுபோனது. வாயைத் திறக்கப் போனார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

"தெரியலைங்க."

"தெரியாததுக்கு ஒரு ஆளா?"

மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்வாசலால் கிளம்பினேன். வசந்தாக்கா பின்னாலேயே வந்து ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கையில் திணித்தார். உள்ளே தண்ணீர், அந்த ஒற்றை இலையோடு அந்தச் செடி. "இது உன்னுது. எடுத்துக்கிட்டுப் போ."

அந்த லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். மூர் மார்க்கெட் எரிந்தே போனது. எண்பதுகளில் ஒருமுறை போளூர் பஸ்ஸில் வசந்தாக்காவைப் பார்த்தேன். மரு அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் அவர் வீட்டுக்காரரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா உதட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். தொட்டிக்குள் இலை அறுக்கும் பிளேடுக் குச்சியை அதற்குப் பிறகு நான் யார் கையிலும் பார்க்கவில்லை.

லாட்ஜை விட்டுக் கிளம்பிய அன்று ஜனமெல்லாம் ஊருக்குள் வந்துகொண்டிருக்க, நான் எதிர்ப்பக்கம் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பாட்டிலோடு நடந்தேன். மறுநாள் காலை ஒரு வேர்க்கடலை மில் வாசலில் நின்றேன். மேஸ்திரி என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா வேலை தெரியும் உனக்கு?"

"தண்ணி சுமப்பேங்க."

வெளிச்சம் படும் ஜன்னலாகப் பார்த்து பாட்டிலை வைத்துவிட்டு, குடத்தை எடுத்தேன்.