மூட்டைக் குறி போட்ட கம்ப்யூட்டர்கள்

காலை ஆறு மணிக்குக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் டீ குடித்தேன். பதினைந்து ரூபாய். சூட்டைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து நான் போக வேண்டிய கவுஞ்சிக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸைத் தவறவிட்டதால், மேல்மலைக்குக் காலியாகப் போன ஒரு பிக்கப் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டேன்.

டிரைவர் செல்வம் கவுஞ்சிக்காரர். முட்டைக்கோஸ் ஏற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"கம்ப்யூட்டர் ஏத்தப் போறேண்ணே. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல ஏழு கெடக்கு. ஒண்ணும் ஓடலையாம். மூணு மணிக்குக் கல்வி ஆபீசர் வந்து பாத்துட்டு, ஓடாட்டிக் கீழ அனுப்பிருவாரு. நீங்க என்ன சோலியா?"

"அந்த ஏழையும் ஓட வைக்கிற சோலி."

அடுத்த வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பினார். பிறகு சிரித்தார். "ஏறுன வண்டிக்கே ஆப்பு வைக்கிறீங்களேண்ணே."

நான் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சர் போன வாரம் போன் செய்தார். எவனோ ஒரு கடைக்காரன், "மிஷின் பழசு, புது விண்டோஸ் ஏறாது, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டானாம். கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. மிஷினில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் போடுகிற சரக்குத்தான் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது. விண்டோஸுக்குப் பதிலாகப் போட லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. விலை கிடையாது, பழைய மிஷினிலும் ஓடும், தமிழில் வரும், யாரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். கடைக்காரனுக்கும் இது தெரியும். சொன்னால் புது மிஷின் விற்காது.

பூம்பாறையில் மலைச்சரிவு முழுக்கப் பாத்தி பாத்தியாகப் பூண்டு. மன்னவனூர் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. தேவையானதை எல்லாம் மூன்று பென் டிரைவில் ஏற்றி வந்திருந்ததால் கவலைப்படவில்லை.

எட்டரைக்குப் பள்ளிக்கூடம். பனி ஈரம் படக்கூடாதென்று ஏழு கம்ப்யூட்டரையும் உரச்சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு மவுஸ் வரைந்திருந்தது. இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் படித்திருக்கிறார்கள். இதைப் பார்த்துக் கோபம் வராதவனோடு எனக்குப் பேச்சில்லை.

முதல் மிஷினில் நான் லினக்ஸை ஏற்றினேன். இரண்டாவதை டீச்சர் ஏற்றினார். மூன்றாவதிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வெண்ணிலா என்னை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டாள். பதினொரு மணிக்கு ஏழும் ஓடின.

அப்புறம் நான் ஒரு மடத்தனம் செய்தேன். மிஷினுக்கு ஐந்து பிள்ளைகள் என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் வருகை எண்ணைப் பெயராக வைத்து ஒரு கோப்புறை, அதாவது ஃபோல்டர், போட்டுக் கொடுத்தேன். ஏழு, எட்டு, ஒன்பது மூன்று வகுப்பும் கலந்து உட்கார்ந்திருக்கிறது. வகுப்புக்கு ஒரு நாலாம் எண் உண்டு, ஒரே மிஷினில் இரண்டு பேர் ஒரே கோப்புறையைத் திறப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அரை மணியில் ஒருத்தன் எழுதியதை அழித்து இன்னொருத்தன் படம் வரைந்துவிட்டான்.

"ஏலே, ஏன்லே என்னோடதுல கை வச்ச?"

"நாலுன்னுதான போட்டுருக்கு. நானும் நாலுதான்."

வெண்ணிலா என்னிடம் வந்தாள். "சார், இதை மாத்தலாமா?"

"மாத்தலாம்."

"யார்கிட்டக் கேக்கணும்?"

"யார்கிட்டயும் கேக்க வேண்டாம்."

கவுஞ்சியில் எல்லா வீட்டுக் காய்கறி மூட்டையும் ஒரே வண்டியில்தான் சந்தைக்குப் போகும். அடையாளத்துக்கு வீட்டுக்கு ஒரு குறி உண்டு. மூட்டை மேல் சாயத்தில் போடுவார்கள்: இரட்டைக் கோடு, வட்டத்துக்குள் புள்ளி, சிலுவை, மீன். பிள்ளைகள் அவரவர் வீட்டுக் குறியை வரைந்து, எண்ணை எடுத்துவிட்டு, கோப்புறை மேல் அதையே படமாக வைத்துவிட்டார்கள். ஒரே வீட்டு அண்ணன் தங்கைக்கு நிறம் மட்டும் வேறு. அதன் பிறகு ஒரு சண்டை இல்லை.

மூன்று மணிக்கு ஆபீசர் வந்தார். கெட்டவர் இல்லை. ஏழு திரையையும் சுற்றிப் பார்த்தார்.

"ஓடுது, சரி. லைசென்ஸ் எங்க?"

"இதுக்குக் காசு கட்டுற லைசென்ஸ் கிடையாதுங்க சார். யாரும் எத்தனை மிஷின்லயும் போட்டுக்கலாம்," என்றார் டீச்சர்.

"ஓசியில வந்தது நாளைக்கு நின்னு போச்சுன்னா? இவர் திண்டுக்கல் போயிருவாரு. யார் பாக்குறது?"

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். டீச்சர் முந்திக்கொண்டார். "ஒரு மிஷினை மொத்தமா அழிச்சிட்டு, எங்க பிள்ளைங்களே திரும்ப ஏத்தட்டும். நீங்க உக்காந்து பாருங்க சார்."

"அப்ப இவர் வெளியே நிக்கட்டும். முடிஞ்சா ஏழும் இங்க. இல்லேன்னா ஏழும் வண்டியில."

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிக்கப்பில் சாய்ந்து நின்றேன். செல்வம் கயிற்றைச் சுருட்டி, அவிழ்த்து, மறுபடி சுருட்டினார்.

"வெரசா சொல்லச் சொல்லுங்கண்ணே. கோஸா, கம்ப்யூட்டரா?"

அப்போதுதான் நினைவு வந்தது. அழிப்பதற்கு முன் பிள்ளைகள் எழுதியதை வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும். அதை நான் சொல்லியே கொடுக்கவில்லை. ஜன்னலை நோக்கி நடந்தேன். உள்ளே வெண்ணிலாவின் குரல் கேட்டது.

"ஏலே, நில்லு. அஞ்சு மூட்டை உள்ள இருக்கு. மொதல்ல அதைப் பென் டிரைவுல எறக்கு."

திரும்பி வந்து வண்டியிலேயே சாய்ந்துகொண்டேன். எனக்கு அங்கே வேலை இல்லை.

அரை மணிக்குள் முடிந்தது. ஐந்து குறியும் அதே இடத்தில் திரும்ப வந்திருந்தன. ஆபீசர் இரட்டைக் கோட்டைக் காட்டி, "இது யாருது?" என்றார்.

"எங்க வீடு சார்," என்றாள் வெண்ணிலா. திறந்து தன் கட்டுரையைக் காட்டினாள்.

அவர் முழுதாகப் படித்தார். வெளியே வந்து செல்வத்திடம், "நீ கோஸே ஏத்திக்கப்பா," என்றார்.

நாலரைக்குக் கிளம்பினோம். என் மகள் படிக்கும் திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டருக்கு ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டு, வாரம் ஒருமுறை உள்ளே போவார்கள். எதையும் மாற்றினால் திட்டு விழும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்காரப் போவதில்லை.

மன்னவனூரில் வண்டி நின்றபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். மூட்டைகள் மேல் சிவப்பும் நீலமுமாகக் குறிகள். காலையில் பார்த்திருந்தால் வெறும் சாயக் கோடு என்று விட்டிருப்பேன். இப்போது ஒவ்வொன்றையும் படித்தேன். வட்டத்துக்குள் புள்ளி, எட்டாம் வகுப்பு. மீன், சண்டை போட்ட நாலாம் எண்ணில் ஒருத்தன். எல்லாவற்றுக்கும் மேலே இரட்டைக் கோடு.