தோட்டத்துக்கு ஒரு பட்டியல்

காலை ஆறு இருபதுக்குத் திரையில் முதலில் கண்டது, பைத்தான் நிரல்மொழி கற்றுத்தரும் ஒரு தமிழ் இணையதளம் என் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட செய்தி. அல்லிநகரத்தில் கணினி சொல்லித்தரும் என் மனைவி, அன்று பத்து மணி வகுப்பில் நான் திருத்திய அந்தப் பக்கத்தைத்தான் நடத்த வேண்டியிருந்தது.

முந்தின நாள் அதிலிருந்த திராட்சைத் தோட்ட உதாரணத்தில் தன் அப்பா, சித்தப்பா பெயர்களைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏங்க, எங்கப்பா தோட்டத்துல வெட்டுன பழம் சித்தப்பா பேர்லயும் ஏறுது. அண்ணன் தம்பின்னாலும் பெட்டிய தனித்தனியாத்தான லாரியில ஏத்துறோம்? எழுதுனவுக எங்க ஊரு காமயகவுண்டன்பட்டிப் பக்கம் வந்தா அடிதான்!”

பழங்களின் பட்டியலை எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவான ‘கிளாஸ்’ என்ற வார்ப்புருவிலேயே வைத்திருந்ததால், எல்லாருக்கும் ஒரே பட்டியலாகிப் போயிருந்தது. ஒவ்வொரு தோட்டமும் உருவாகும்போதே தனக்கென்று ஒரு பட்டியலோடு உருவாகும்படி அந்த வரியை இடம் மாற்றி அனுப்பியிருந்தேன். பத்திரிகை வேலையில் எத்தனையோ பிழை திருத்தியிருக்கிறேன். இந்த அளவு நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

பத்து மணி வகுப்பில் இரண்டு தோட்டங்களும் தத்தம் பழத்தை மட்டும் தனித்தனியாகக் காட்டின.