என் குடலுக்குள் ஒரு கோழிப்பண்ணை

அன்று காலை பண்ணையில் முட்டை பொறுக்கி முடிப்பதற்குள் நான்கு முறை கழிவறைக்கு ஓடினேன். கால் புண்ணுக்காகப் பத்து நாள் ஆன்டிபயாடிக் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) சாப்பிட்டு முடித்திருந்தேன். புண் ஆறிவிட்டது. ஆகவே பழியை முந்தைய நாள் தின்ற புரோட்டாவின் மேல் போட்டேன். புரோட்டா பாவம்.

ஒரே வாரத்தில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. சேலத்தில் டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"புண்ணுக்குச் சாப்பிட்ட மருந்து குடல்ல இருந்த நல்ல பாக்டீரியாவையும் அழிச்சிருச்சுங்க. காலி எடத்துல கெட்டது ஒண்ணு வந்து உக்காந்திருக்கு."

அதை விரட்ட வேறொரு ஆன்டிபயாடிக் தந்தார். கூடவே புரோபயாடிக் பொடி (உயிரோடு இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள்). குணமானது. மூன்றாம் வாரம் வயிற்றுப்போக்கு மறுபடியும் வந்தது. உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் தடுமாறுகிறது, இன்னொரு முறை வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, மீண்டும் மருந்து எழுதினார். சாப்பிடவே பயந்தேன். வயிறு லேசாக உறுமினால் போதும், கழிவறை எத்தனை அடி தூரம் என்று கண் அளக்கும். மனைவி சரசு தட்டோடு நின்றால் எரிந்து விழுவேன். அவள் தட்டை எடுத்துப் போவாள்.

தங்கை மகள் பிரியா பார்க்க வந்தாள். சேலத்தில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். நான் மாத்திரையையும் பொடியையும் ஒன்றாக விழுங்குவதைப் பார்த்துவிட்டாள். டாக்டரம்மா இடைவெளி விடச் சொல்லித்தான் இருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

"ஏனுங்க மாமா, கோழிக்குத் தண்ணியில மருந்தையும் புரோபயாடிக்கையும் ஒண்ணாக் கலந்து ஊத்துவீங்களா?"

"அதெப்படி சாமி ஊத்தறது? மருந்து அத்தனையும் கொன்னுபோடுமே!"

"அப்பறம் நீங்க மட்டும் ரெண்டையும் ஒரே மடக்குல முழுங்கறீங்க?"

சரசு சிரித்தாள். இருபது வருஷமாக ஆயிரக்கணக்கான கோழிக் குடலைக் காப்பாற்றியவன், சொந்தக் குடலில் கோட்டை விட்டிருக்கிறேன்!

நல்ல பாக்டீரியா சாவதற்கு மருந்தே வேண்டியதில்லை என்றாள் பிரியா. தயிரை நாள்கணக்கில் வைத்திருந்தால், தான் சுரந்த புளிப்பிலும், உள்ளே புகும் காற்றிலும் அதிலுள்ள பாக்டீரியா குறைந்துகொண்டே வருமாம். கூடவே தகுந்த ஈஸ்ட் (மாவைப் பொங்கவைக்கும் நுண்பூஞ்சை) இருந்தால் அது காற்றை உறிஞ்சிக்கொள்ளும், புளிப்பில் கொஞ்சத்தைத் தின்னும், பாக்டீரியாவுக்குத் தீனியும் கொடுக்கும். அதோடு, பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை ஈஸ்டை ஒன்றும் செய்யாது. எனக்கு மெய்சிலிர்த்தது. என் தீவன மூட்டையில் ஈஸ்ட் என்று எழுதியிருப்பதைத் தினமும் பார்க்கிறேன். ஒருநாளும் அதைக் கும்பிடத் தோன்றியதில்லை.

"உங்கூட்டுக் கம்பங்கூழ்லயும் ரெண்டும் சேர்ந்துதான் இருக்குது மாமா," என்றாள்.

டாக்டரம்மாவைக் கேட்டோம். மருந்தை முடித்துவிட்டு, சுத்தமாகப் புளிக்க வைத்த கூழைக் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்றார். இதே அவஸ்தையில் இருப்பவர்களுக்கு ஒன்று: என்னைக் குணமாக்கியது கூழ் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஈஸ்டே ஆபத்தாகலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அதன்பின் மாத்திரைக்கும் பொடிக்கும் நடுவே கடிகாரம் பார்த்தேன். மாத்திரை முடிந்ததும் அரை டம்ளர் கூழ், பிறகு ஒரு டம்ளர். மூன்றாம் வாரம் தாண்டியது. ஐந்தாம் வாரமும் தாண்டியது. நான் ஒரு ஆள் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்துக்குக் காவல்காரன் என்று புரிந்தது. என் நாள் அவற்றின் தீனி வேளையில்தான் விடிகிறது.

ஒருநாள் பதினோரு மணிக்குக் கொட்டகையில் நிற்கும்போது வயிறு உறுமியது. பழக்கத்தில் வீட்டுக்கு ஓடினேன். கழிவறை வாசலில் நின்றேன். ஒன்றும் வரவில்லை. வயிறு மட்டும் விடாமல் உறுமியது. என்னவென்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சரசு, பசிக்குது," என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.