தென்னைமரப் பூச்சிக்காகக் காத்திருந்த சாயங்காலம்

மலாய் நாட்டில் சுதந்திரத்துக்கு முந்திய அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று கெடுபிடி. சோற்றுப் பொட்டலம் வைத்திருந்தாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். அந்தச் சமயத்தில், காட்டிலிருந்து திரும்பும் வழியில், புளித்த வாழைப்பழத் தகரத்தோடு நான் போலீஸ் சாலைத் தடுப்பில் மாட்டிக்கொண்டேன். காலையில் போனபோது அங்கே தடுப்பு இல்லை.

பிள்ளைகளே, அப்போது எனக்குத் தெங்கேராவில் ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், வேலை. பட்டாம்பூச்சிகளைப் பிடித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன்; அவர் வெளிநாட்டுக்கு அனுப்புவார். புளித்த பழம்தான் இரை.

"பாதித் தகரம் காலியா இருக்கே. யாரு தின்னா?" என்றார் தமிழ் சார்ஜன்.

"பட்டாம்பூச்சிங்க, ஐயா."

பக்கத்திலிருந்த மலாய்க் காவலர், "போஹோங்லா!" என்று சிரித்தார்.

"கேட்டியா? அவரும் பொய்ங்கிறாரு." சார்ஜன் என் காகிதத்தைப் பிரித்தார். "டேய், இது எங்க வூட்டுத் தென்னமரத்துல தெனம் உக்காருது. இதுக்கா காட்டுக்குள்ள போன?"

நியாயமான கேள்விதான். வீட்டுத் தென்னைமரப் பூச்சியும் நான் பிடித்த காட்டுப்பூச்சியும் ஒரே பழுப்பு, ஒரே கோடு. ஆனால் தென்னைமர ஆணுக்கு வயிற்றோரம் முடிக்கற்றை உண்டு. மெல்ல ஊதினால் எழும். காட்டில் கிடைக்கும் அரிய இனத்துக்கு அது கிடையாது. கையிலிருந்ததை ஊதிக் காட்டினேன். ஒன்றும் எழவில்லை.

"இல்லாதத காட்டி ஏமாத்துறியா? ஏறுடா லோரில."

ஏறினால் எப்போது திரும்புவேனோ! காஜா பெராங் வீட்டில் உங்கள் அம்மா, இடுப்பில் மூத்தவளோடு.

"ஐயா, தகரத்தைத் தொறந்து வைங்க. இருட்டறதுக்குள்ள தென்னமரத்துப் பூச்சி வரும். வரலன்னா ஏறிக்கிறேன்."

"ஓடப் பாத்தா சுட்டுருவேன்."

துப்பாக்கி என் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஈ வந்தது. எறும்பு வந்தது. லோரி எஞ்சின் உறுமியது. அப்போது காய்ந்த இலைபோல ஒன்று தகர விளிம்பில் இறங்கியது. பெண்ணாக இருந்தால் கற்றை இருக்காது. என் கதை முடிந்தது. பிடித்து நீட்டினேன். சார்ஜன் தானே ஊதினார்.

"அட, மசுரு நிக்குதுடா!"

காட்டுப்பூச்சியை ஊதினார். மறுபடி இதை ஊதினார். பிறகு தகரத்தைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"போ. இனி பழத்தோட இந்தப் பக்கம் கண்டேன்..." அவர் முடிக்கவில்லை. நானும் நின்று கேட்கவில்லை.

அரியதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது அரியதென்று யாரையும் நம்பவைக்க முடியாது. சாதாரணமானது பக்கத்தில் வேண்டும். அதன்பின் ஒரு தென்னைமர ஆணைச் சட்டைப்பையில் வைக்காமல் காட்டுப் பக்கம் நான் போனதில்லை. தவுக்கேக்கு அது குப்பை. என்னை வீட்டுக்கு அனுப்பியது அதுதான்.