மைக்கில் வெட்டிய வாய்க்கால்

கேரள எல்லையில், பெருமாட்டிப் பக்கம் எங்கள் ஊரில் எலெக்‌ஷன் வந்துவிட்டால் என் வீட்டுக்காரரைக் கையில் பிடிக்க முடியாது. பாலக்காட்டிலிருந்து வரும் வேட்பாளர் மலையாளத்தில் பேசுவார். ஊரில் அத்தனை பேரும் தமிழ். வேட்பாளர் பேசி நிறுத்தும்போதெல்லாம் இவர் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்ல வேண்டும். கட்சியில் இவருக்கு ஒரு பதவியும் கிடையாது. ஆனால் மந்திரிக்கு இருக்கும் மிடுக்கு மட்டும் குறையாமல் இருந்தது.

எழுபதாம் வருஷத் தேர்தலில் நடந்த கூட்டத்தை நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். வேட்பாளர் நாட்டு நிலைமையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், இவர் ஆரம்பித்துவிட்டார். நாட்டு நிலைமை முடிந்து ஊர் நிலைமை வந்தது. கடைமடை வரைக்கும் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடப்போகிறார்கள் என்பதும் வந்தது. நாம் இவ்வளவா பேசினோம் என்று வேட்பாளர் பாவம், இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், அவர் வாய்க்காலைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லையே என்று கேட்டேன். அவர் பேசியிருக்க வேண்டியதைத்தான் சொன்னேன், வெளியூர்க்காரருக்கு நம் கஷ்டம் என்ன தெரியும் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைமடையில் என் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தண்ணீர் எட்டாத வருஷம் கடலைச்செடி பூவோடு காய்ந்துபோகும். அண்ணன் அந்தக் கூட்டத்தில் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் பூத்து ஓட்டு எப்போதும்போல இவர் கட்சிக்கே விழுந்தது. அடுத்து வந்த கூட்டங்களில் வாய்க்கால் இன்னும் கொஞ்சம் அகலமானது, ஒரு தடவை அதன்மேல் பாலம்கூட வந்தது. நிலத்தில் மட்டும் யாரும் ஒரு கூடை மண் அள்ளவில்லை.

எழுபத்தேழில் எங்கள் பூத்து இவர் கட்சியைக் கைவிட்டது. தொகுதியும் போய்விட்டது. இவர் சோறு தண்ணி இல்லாமல் காரணம் தேடினார். கோயமுத்தூர் சினிமா என்றார். கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பையன்கள் கொண்டுவரும் தொழிற்சங்கப் பேச்சு என்றார். நிலச் சட்டம் வந்து குடிசைக்காரர்களுக்கு இடம் சொந்தமான பிறகு நம் பேச்சை யார் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். அதில் உண்மை இருந்தது, நான் மறுக்கவில்லை. கடைசியில், மலையாளம் தெரியாத சனத்துக்கு எதிர்க்கட்சிக்காரன் எவனோ இல்லாததைச் சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று முடித்தார். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரம் அண்ணன் சாப்பிட வந்திருந்தார். பருப்புக் குழம்பு பரிமாறும்போது இவர் மறுபடியும் அதே பாட்டைப் பாடினார். அண்ணனும் கடைசியில் நம்மை விட்டுவிட்டாரே என்று அவரையும் குத்தினார். அண்ணன் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"மாப்பிள்ளை, சித்தூர்ச் சந்தையில மலையாளத்துக்காரங்ககிட்ட நாங்க என்ன ஊமை பாஷையிலயா யாவாரம் பண்றமுங்க? அந்த மனுசன் வாய்க்காலைப் பத்திப் பேசவே இல்லைன்னு அன்னைக்கே எல்லாத்துக்கும் தெரியுமுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் ஓட்டுப் போட்டமுங்க."

இவர் பிசைந்த சோறு இலையிலேயே இருந்தது. இத்தனை வருஷம் கேலி செய்தே பழகிய எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மனசு சங்கடப்பட்டது. என் அண்ணனுக்காகவா, இவருக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் இவர் கிளம்பிப் போனார். ஜெயித்தவரின் வீட்டுக்கு. இவர் மேடை ஏறித் திட்டிய அதே ஆள். மதியம் வெயிலில் திரும்பி வந்து, மோர் வாங்கிக் குடித்தார். அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"கடைமடைக்குத் தண்ணி வேணும்னு கேட்டேன்" என்றார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க கட்சிக்காரங்ககிட்ட இதை ஒரு நாளும் நான் கேக்கவே இல்லியே புள்ள."